பொம்மை கார் என்று சொல்லாதீர்கள்

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் ஒரு ரேஸ் நடந்தது. மொத்தம் 22 கார்கள். ஓடிய இடம் மொனாக்கோ. அதில் ஒரு காரை ஓட்டியவன் என் மகள் வயிற்றுப் பேரன். தாண்டிக்குடியில், மிளகு மூட்டை அடுக்கி வைத்திருக்கும் பின்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினான். பிரேக் மிதிக்கும்போது நாற்காலி பின்னால் போய்விடக் கூடாதென்று அதை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே செய்தி போய்விட்டது.

"என்ன டிரைவரண்ணே, பேரன் பொம்மை கார் ஓட்டுறானாமே? வீட்டுக்குள்ள உக்காந்து ஓட்டுறதெல்லாம் ஒரு ரேஸா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைக் குடித்துவிட்டு மேட்டில் ஏறி வரும்போதுதான் கோபம் வந்தது. சிரித்த என் மேல் முதலில், பிறகு அவர்கள் மேல். அந்தக் கோபத்தில் எழுதுகிறேன். அந்தக் கடையில் இருந்த நாலு பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

நான் 29 வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன். வத்தலகுண்டில் எடுத்தால் அய்யம்பாளையம், சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி. சில வருஷம் கொடைக்கானல் பக்கமும் ஓட்டியிருக்கிறேன். 2012இல் ஓய்வு பெற்றேன். வளைவு என்றால் என்ன, பிரேக் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அசெட்டோ கோர்சா என்று ஓர் இத்தாலிக் கம்பெனி செய்த மென்பொருள். அதில் ஊர் ஊராக ரேஸ் பாதைகள் இருக்கின்றன. மொனாக்கோ என்பது பிரான்சை ஒட்டிய கடற்கரையில் உள்ள குட்டி நாடு. அங்கே 1929 முதல் ஊர்த் தெருவிலேயே ரேஸ் நடக்கிறது. ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர், 19 வளைவுகள். மேடு ஏறி, கடைத்தெரு தாண்டி, கீழே இறங்கி, ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பி, குகைப்பாதைக்குள் புகுந்து, துறைமுகத்தை ஒட்டி ஓட வேண்டும். இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு. தப்பு செய்தால் ஒதுங்க ஒரு சாண் மண் கிடையாது. கேட்கும்போது நம் பெரும்பாறைப் பாதை ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

ஸ்டியரிங்குக்குள் ஒரு மோட்டார் வைத்திருக்கிறார்கள். டயர் பிடிப்பை இழக்கும்போது கையில் கனம் குறைந்து லேசாகும். தடுப்பில் உரசினால் கையைத் திருகும். ஒருநாள் என்னையும் உட்கார வைத்தான். மலைப்பாதை டிரைவர் என்ற திமிரோடு உட்கார்ந்தேன். முதல் வளைவில், ஒரு சின்ன தேவாலயத்தின் பக்கத்தில், நேராகப் போய்ச் சுவரில் சாத்தினேன். "தாத்தா, பிரேக்கை மெல்ல விடணும்" என்றான். எனக்கா! ஆனால் அவன் சொன்னது சரி. வண்டி திரும்பத் தொடங்கும்போது பிரேக்கைச் சட்டென்று விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்தான் முன் சக்கரத்தில் கனம் நிற்கும். இதே விஷயத்தை நான் மூணு வருஷம் ஓட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன், அதுவும் பஸ்ஸில் ஐம்பது உயிரை வைத்துக்கொண்டு.

சரி, இது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது உங்களிடம் ஒரு கேள்வி.

என் பேரனின் ஸ்டியரிங்கும் பெடலும் பழையது வாங்கியவை. இரண்டு சீசன் காப்பிப்பழம் பறித்த கூலியைச் சேர்த்து வாங்கினான். அதைப் பார்த்துக் "காசைக் கரியாக்குறான்" என்றீர்களே, உங்களில் எத்தனை பேர் பதினேழு வயசுப் பேரனுக்குப் பைக் வாங்கிக் கொடுத்தீர்கள்? ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று விலை சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பாலமுருகன் கோவில் வாசலில் நிறுத்திப் படம் எடுத்தீர்கள். லைசென்ஸ் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வண்டி ஞாயிற்றுக்கிழமை சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பண்ணைக்காடு ரோட்டில் அலறிக்கொண்டு போனபோது "பய தைரியசாலி" என்று சொன்னவர்கள், சுவருக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? மோட்டார் வாகனச் சட்டத்தை 2019இல் திருத்தினார்கள். 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் வண்டியின் சொந்தக்காரருக்கோ பெற்றவருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும். பொது ரோட்டில் பந்தயம் விட்டால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது நம் மலைக்கும் பொருந்தும்.

2022ஆம் வருஷம் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். கிட்டத்தட்ட பாதிப் பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். நம் மேட்டுத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு வருஷமாகக் கோலம் இல்லை. அந்தப் பையனும் என் பேரனும் ஒரே வகுப்பு. பேர் சொல்ல மாட்டேன். பதினாறாம் நாள் காரியத்தில் உட்கார்ந்து "விதி" என்று சொன்னோம். விதி இல்லை ஐயா, வளைவில் 60 கிலோமீட்டர் வேகம். அந்த வளைவை நான் 15இல் திரும்புவேன்.

"ரேஸ் என்றால் ரோட்டில் விட வேண்டும், சென்னையில் விட்டார்களே" என்று ஒருவர் அன்றைக்குச் சொன்னார். நல்ல உதாரணம்தான், அதையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று 3.5 கிலோமீட்டர் பாதை, 19 வளைவுகள். 2023 டிசம்பரில் வைத்திருந்தார்கள், மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போனது. அரசுப் பணம் 42 கோடி பற்றி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 என்று ராத்திரி விளக்குப் போட்டு நடத்தினார்கள்.

அதற்கு என்னவெல்லாம் செய்தார்கள்? போக்குவரத்தை நிறுத்தி, ரோட்டைப் புதிதாகப் போட்டு, பாதை நெடுக கான்கிரீட் சுவரும் அதன் மேல் கம்பி வலையும் வைத்தார்கள். டாக்டர், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, வளைவுக்கு வளைவு கொடி பிடிக்க ஆள். இத்தனை இருந்தும், மழையால் வேலை தாமதமாகிப் பாதுகாப்புச் சான்றிதழ் வரவில்லை என்று முதல் நாள் ரேஸையே அடுத்த நாளுக்குத் தள்ளினார்கள். இவ்வளவு கட்டுக்குள்ளும் ஒரு நாய் பாதைக்குள் புகுந்துவிட்டது.

ஒரு தெருவை ரேஸ் பாதை ஆக்க இத்தனை வேண்டும். பெரும்பாறை வளைவுக்கு யார் ஐயா சான்றிதழ் கொடுத்தார்கள்? அங்கே நாய் வராது, காட்டுமாடு வரும். மூடுபனியில் பத்தடி தூரம் தெரியாது. எதிரே வாழைத்தார் ஏற்றிய வண்டி வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள்.

மொனாக்கோவிலேயே 1967இல் லொரென்சோ பண்டினி என்ற இத்தாலிக்காரர், துறைமுகத்தை ஒட்டிய வளைவில் தடுப்பில் மோதி, வண்டி கவிழ்ந்து தீப்பிடித்தது. ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளும் சேர்ந்து எரிந்தன. மூன்றாம் நாள் இறந்துபோனார். உலகத்தின் தேர்ந்த டிரைவர்களில் ஒருவர். அதே துறைமுக வளைவில் என் பேரன் பயிற்சியின்போது ஐந்து தடவை மோதினான். ஐந்தாவது தடவை "ச்சே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து, அவன் அப்பத்தாவிடம் கடுங்காப்பி வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தான். எனக்கு இது போதும். பொம்மை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ, அதைத்தான் நான் அந்த அறையில் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். மோதியவன் எழுந்து வந்து காப்பி குடிக்கிறான்.

"அப்படியென்றால் அதில் மானம் ரோஷம் ஒன்றும் இல்லை, வெறும் விளையாட்டு" என்பீர்கள். அதுவும் தப்பு. 2020இல் கொரோனாவால் எல்லா ரேஸும் நின்றபோது பெரிய பெரிய டிரைவர்களே வீட்டிலிருந்து இப்படி ஓட்டினார்கள். அந்த வருஷம் மொனாக்கோ ரேஸ் ரத்தானது. மே 24ஆம் தேதி அதைக் கம்ப்யூட்டரில் நடத்தினார்கள், ஜார்ஜ் ரஸ்ஸல் ஜெயித்தார். அதற்கு முந்தின நாள் மின்சாரக் கார்களுக்கான ஃபார்முலா ஈ போட்டி. அதில் டேனியல் ஆப்ட் என்ற ஜெர்மன் டிரைவர், தன் பேரில் வேறொரு பையனை ஓட்ட வைத்தார். வேடிக்கைக்குச் செய்தேன் என்றார். ஏற்கவில்லை. தகுதி நீக்கம், 10,000 யூரோ தருமத்துக்கு. அவருடைய அணி அவரை வேலையிலிருந்து சஸ்பெண்ட் செய்துவிட்டது. பொம்மை விளையாட்டில் ஆள்மாறாட்டம் செய்தால் யாராவது வேலையைப் பறிப்பார்களா?

இனி போன சனிக்கிழமைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

அது ஒரு லீக். வாரம் ஒரு ஊர்ப் பாதை, புள்ளிக் கணக்கு, சீசன் முடிவில் பட்டியல். ஓட்டுகிறவர்கள் கோயம்புத்தூர், கொச்சி, பெங்களூர், ஒருவர் துபாய். சனிக்கிழமை 30 சுற்று, சுமார் 100 கிலோமீட்டர். முன்னதாக நேரம் வைத்து ஓட்டி வரிசை போடுகிறார்கள். என் பேரனுக்கு 14ஆவது இடம். சாயங்காலம் மழை பெய்து கரண்ட் இரண்டு தடவை போனது. கடன் வாங்கிய யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. நான் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

குறுகிய தெருவில் முந்துவது லேசில்லை. முன்னால் போகிறவன் தப்பு செய்யும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்து, காத்திருந்து, பதினேழாம் சுற்றில் ஒன்பதாவது இடத்துக்கு வந்துவிட்டான். அடுத்தது அந்தக் கொண்டை ஊசி வளைவு. ஒரு மூச்சு தாமதமாகப் பிரேக் பிடித்தான். முன்னால் போன கொச்சிக்காரரின் வண்டியைப் பின்னால் தட்டினான். அது சுழன்று குறுக்கே நின்றது. பின்னால் வந்த இரண்டு வண்டிகள் அதில் போய் ஒட்டிக்கொண்டன. இவனுக்கு உள்பக்கம் ஒரு வண்டி போகிற வழி இருந்தது.

போகவில்லை. நின்றான். கொச்சிக்காரர் வண்டியைத் திருப்பி எடுத்துப் போகும்வரை நின்று, அவரை முன்னால் விட்டுவிட்டுப் பிறகு கிளம்பினான். கடைசியில் பத்தாவதாக முடித்தான்.

முடிந்ததும் தூங்கப் போவான் என்று நினைத்தேன். உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தான். அந்த லீக்கில் ஸ்டூவர்டுகள் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். நம்மூர்க் கணக்கில் பஞ்சாயத்தார். யாராவது புகார் கொடுத்தால் பதிவைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். "உன் மேல யாரும் புகார் கொடுத்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா. நானே கொடுக்கிறேன். பதினேழாவது சுற்று, என் தப்பு."

"அவன் கேக்கலையே. நீ நின்னு வழி விட்டுட்டியே."

"பின்னாடி வந்த ரெண்டு பேருக்கு நான் வழி விடலையே தாத்தா."

மறுநாள் தீர்ப்பு வந்தது. பத்து வினாடி தண்டனை. பத்திலிருந்து பன்னிரண்டாவது இடத்துக்குப் போனான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாதது, என் மனைவியிடம்கூட.

1996, ஐப்பசி மாதம். பெரும்பாறைக்குக் கீழே, காலை நேரம், பனி. நான் பஸ்ஸை இறக்கிக்கொண்டு வந்தேன். பத்து நிமிஷம் லேட். எதிரே ஒரு எஸ்டேட் ஜீப் மேலே ஏறி வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் நிற்க வேண்டும். டிரைவராகச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இது. நான் நிற்கவில்லை. நுழைந்துவிடலாம் என்று நினைத்தேன். ஜீப் டிரைவர் ஒதுங்கப் போய் வண்டி ஓடையில் இறங்கி, அவருக்குக் கை ஒடிந்தது. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். ஜீப் வேகமாக வந்தது என்று சொன்னேன். பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். மீதிப் பேர் நம் டிரைவர் என்று எனக்காகப் பேசினார்கள். அவருக்கு எஸ்டேட் வேலை போயிற்று. குடும்பத்தோடு திருப்பூர் போனதாகக் கேள்விப்பட்டேன். பிறகு நான் அவரைப் பார்க்கவேயில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை.

29 வருஷத்தில் எத்தனையோ விபத்துக்குச் சாட்சியாக நின்றிருக்கிறேன். "என் தப்பு" என்று முதலில் சொன்ன ஒரு டிரைவரை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன், யாரும் கேட்காமல், அதைத் தானே டைப் அடித்து அனுப்பினதைப் பார்த்தேன். அந்தப் பஞ்சாயத்தும், அந்தப் பதிவும், அந்தப் பத்து வினாடியும் சேர்ந்து அவனுக்கு அதைப் பழக்கியிருக்கின்றன. அதை நீங்கள் பொம்மை என்கிறீர்கள்.

எதிர்க்கட்சி பேசுகிறவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கண் கெடும், நேரம் போகும் என்பது உண்மை. அதற்கு எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு ராத்திரி என்று கணக்கு. அறையில் ஓட்டிப் பழகியவன் ரோட்டிலும் அப்படியே ஓட்டுவான் என்ற பயம் எனக்கும் இருந்தது. அதனால் ஒருநாள் அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பண்ணைக்காடு போய் வந்தேன். வளைவுக்கு வளைவு ஹாரன். இறங்கும்போது ஏறுகிற வண்டிக்கு நின்றான். கேட்டேன். "அங்க எதிர்ல வண்டி வராது தாத்தா. இங்க வரும்" என்றான். ஒருவனை வைத்து ஊருக்குச் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டில் ஜெயித்து நிஜ ரேஸ் டிரைவர் ஆனவர் ஜான் மார்டன்பரோ என்ற இங்கிலாந்துக்காரர். 2015இல் ஜெர்மனியில் அவர் வண்டி காற்றில் எகிறி வேலியைத் தாண்டி விழுந்து, வேடிக்கை பார்த்த ஒருவர் இறந்தார். திரையில் கற்றாலும் நிஜ வண்டி நிஜ வண்டிதான். அதனால்தான் சொல்கிறேன், வேகத்தின் ஆசையை அறைக்குள் தீர்த்துக்கொள்ளட்டும், ரோட்டை ரோடாக விடட்டும் என்று.

வேகத்தின் ஆசை வராத பையன் இல்லை. எனக்கும் இருந்தது, உங்களுக்கும் இருந்தது. அது எங்கே போய் இறங்க வேண்டும் என்பதுதான் பேச்சு. ஊரில் பொங்கலுக்குக் கிரிக்கெட் கோப்பைக்குப் பணம் வசூலிக்கிறோம். அதில் ஒரு பங்கில் இரண்டு செட் ஸ்டியரிங் வாங்கி, பூட்டிக் கிடக்கும் ஒரு பொதுக் கட்டடத்தில் வைக்கலாம். மலைப்பாதையில் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் இந்த ஊரில் நான் ஒருவன் மட்டும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, பிரேக் எங்கே பிடிப்பது, யாருக்கு யார் வழி விடுவது என்று சொல்லிக் கொடுக்க நான் தயார். சம்பளம் வேண்டாம், டீ போதும்.

அது நடக்கும்வரை ஒன்று செய்யுங்கள். லைசென்ஸ் இல்லாத பேரன் வண்டிச் சாவியை வாங்கி உங்கள் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். அவன் முறைப்பான். முறைக்கட்டும், முறைக்க அவன் உயிரோடு இருக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ரேஸ். மூட்டை மேல் இன்னும் நாலு பேர் உட்கார இடம் இருக்கிறது. சிரித்தவர்கள் வரலாம்.